வைப்பர் சரியாகிற வரை

போன ஐப்பசி மழையில் வேலாயுதத்தின் கார் ஒரு பெண்ணை இடிக்கப் பார்த்தது. இடிக்கவில்லை. ஷூ கம்பெனி வேனிலிருந்து இறங்கி சாலையைக் கடந்தவள் கடைசி நொடியில் பின்னால் துள்ளி விழுந்தாள். அவள் கையிலிருந்த டிபன் பாக்ஸ் முன்சக்கரத்தில் அகப்பட்டு நசுங்கியது.

சர்வீஸ் ரோட்டிலிருந்து நெடுஞ்சாலைக்கு ஏறுகிற இடம் அது. வேலாயுதம் ஆக்சிலேட்டரை மிதித்தார். மிதித்ததும் கண்ணாடியில் ஓடிக்கொண்டிருந்த இரண்டு வைப்பரும் பாதி வழியில் நின்றுவிட்டன. கண்ணாடி முழுக்கத் தண்ணீர். பக்கத்தில் உட்கார்ந்திருந்த மகன் கோபி "அப்பா!" என்று கத்தியதும்தான் பிரேக்கில் கால் வைத்தார்.

அந்தக் காரின் வைப்பருக்கு கரன்ட் கிடையாது. எழுபது வருஷத்துக்கு முந்தைய அமெரிக்க வண்டி. இன்ஜின் காற்றை உறிஞ்சுகிறதல்லவா, அந்த உறிஞ்சலையே ஒரு ரப்பர் ட்யூப் வழியாகக் கொண்டுவந்து வைப்பரை ஆட்டுகிற பழைய ஏற்பாடு. வண்டி சும்மா நிற்கும்போது வைப்பர் பறக்கும். ஏற்றத்தில் அழுத்தி மிதித்தால் உறிஞ்சல் குறைந்து சோர்ந்துவிடும். எல்லாம் சரியாக இருந்தால் மெதுவாகவாவது நகரும். எங்கேயாவது காற்று கசிந்தால் நின்றே போகும். அப்போது காலை ஒரு நொடி எடுத்து, வைப்பரை ஒரு தரம் அடிக்கவிட்டு, மறுபடி மிதிக்க வேண்டும். வேலாயுதம் அதைப் பல வருஷமாக யோசிக்காமலேயே செய்து வந்தவர். அன்றைக்கு கால் தாமதமாகத்தான் வந்தது.

இறங்கி ஓடினார். அந்தப் பெண்ணுக்கு இருபது, இருபத்திரண்டு வயதிருக்கும். முழங்கையில் சிராய்ப்பு. "ஆஸ்பத்திரிக்குப் போலாம் வாம்மா" என்றார். அவள் வரவில்லை. மழையில் உட்கார்ந்து நசுங்கின டிபன் பாக்ஸையே பார்த்து அழுதாள். கூட வந்த பெண்கள் அவளைத் தூக்கிக்கொண்டு போனார்கள். போகும்போது ஒருத்தி வேலாயுதத்தைத் திரும்பிப் பார்த்து, "வயசான காலத்துல இன்னாத்துக்கு வண்டி?" என்றாள்.

ஆம்பூரில் ஆபித் பாஷா என்பவரின் தோல் பதனிடுகிற ஷாப்பில் வேலாயுதம் ஃபினிஷிங் மாஸ்டராக இருந்தவர். தோலுக்கு நிறம் ஏற்றி, பளபளப்புக் கொடுத்து அனுப்புகிற வேலை. ஷாப்பை மூடியபோது முதலாளி ஷெட்டில் கோழி அடைந்து கிடந்த காரைக் காட்டி, "உனக்கு வேணும்னா எடுத்துக்கோ" என்றார். வேலாயுதம் எடுத்துக்கொண்டார். ஒவ்வொரு போல்ட்டாகக் கழற்றி, புத்தகம் பார்த்து, தெரிந்தவர்களைக் கேட்டு, தானே ஓட வைத்தார். வீட்டுக்குப் பக்கத்திலேயே தகர ஷெட் போட்டார். ரிட்டயர் ஆன பிறகு காலைக் காப்பி குடித்ததும் அவர் போகிற இடம் அதுதான்.

அன்று வீட்டுக்கு வந்ததும் கோபி சட்டைகூட மாற்றாமல் பேசினான். அவன் ஒரு ஷூ கம்பெனியில் புரொடக்ஷன் மேனேஜர். நிதானமாகப் பேசத் தெரிந்தவன்.

"அப்பா, போதும். இனிமே நீங்க வண்டி ஓட்ட வேணாம்."

"என் மேல இன்னா தப்பு? வைப்பர் நின்னுபோச்சி."

"வைப்பர் நின்னா வண்டிய நிறுத்தணும். நீங்க நிறுத்தல. நான் கத்தினதாலதான் நிறுத்தினீங்க."

"வைப்பர் ஒழுங்கா இருந்தா அந்தப் பொண்ணு அங்க வர்றது எனக்குத் தெரிஞ்சிருக்கும்டா."

வேலாயுதத்தின் மனைவி முத்துமாரி துண்டை எடுத்து வந்து கணவரின் தலையில் போட்டாள். "ரெண்டு பேரும் சாப்புட்டுட்டுப் பேசுங்க" என்றாள்.

வேலாயுதம் துண்டை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டார். "சரி. வைப்பர் சரியாகிற வரைக்கும் வண்டி ஷெட்ட வுட்டு வெளிய வராது. போதுமா?"

கோபி கொஞ்சம் யோசித்தான். "வார்த்தை மாற மாட்டீங்களே?"

"நான் எப்படா மாறியிருக்கேன்?"

மறுநாளே வேலையை ஆரம்பித்தார். கோளாறு தேடுவதில் அவருக்கு ஓர் ஒழுங்கு உண்டு. முதலில் வைப்பர் கையைக் கழற்றி, உள்ளே அதை ஆட்டுகிற கம்பிகளைக் கையால் அசைத்துப் பார்த்தார். எங்கும் பிடிப்பு இல்லை. அடுத்து இன்ஜினை ஓடவிட்டு, ட்யூபின் முனையைப் பிடுங்கிக் கட்டைவிரலை வைத்தார். நல்ல ட்யூபாக இருந்தால் விரலை வெடுக்கென்று இழுக்க வேண்டும். குழந்தை சப்புகிற மாதிரிகூட இழுக்கவில்லை. ட்யூபை அங்குலம் அங்குலமாக நசுக்கிக்கொண்டே காதை வைத்துக் கேட்டார். இன்ஜினுக்குப் பின்னால் வளைகிற இடத்தில் 'ஸ்ஸ்' என்றது. ரப்பர் வெடித்திருந்தது.

பைபாஸில் ரப்பர் ஹோஸ் கடை வைத்திருக்கும் ரஃபி அகமது அவருடைய பழைய தோஸ்த். அவரிடம் போய்ப் புது ட்யூப் வாங்கி வந்து மாட்டினார். விரலை வைத்தார். இழுத்தது. ஆனால் வைப்பர் இன்னும் சோம்பலாகத்தான் போனது. அப்படியானால் அந்த உறிஞ்சலை வாங்கி வைப்பரை ஆட்டுகிற மோட்டாரும் கெட்டிருக்கிறது.

அரை நிலா வடிவத்தில் சின்ன டப்பா அது. பிரித்தார். உள்ளே ஆடுகிற தகட்டின் ஓரம் முழுக்க, காற்று புகாமல் அடைப்பதற்காகத் தோல்பட்டை வைத்திருந்தார்கள். காய்ந்து அப்பளமாக இருந்தது. வேலாயுதத்துக்குச் சிரிப்பு வந்தது. முப்பது வருஷம் தோலைத் தொட்டுத் தொட்டுக் கைரேகை போன மனுஷன் அவர். தெரிந்த ஷாப்பில் சொல்லி, கையுறைக்குப் போகிற மெல்லிய ஆட்டுத்தோலில் ஒரு துண்டு வாங்கி வந்தார். பழைய பட்டையை வைத்து அளவு பார்த்து வெட்டினார். எண்ணெயில் ஊறவைத்து, பிழிந்து, பொருத்தி, டப்பாவை மூடினார். ட்யூபை வாயில் வைத்து உறிஞ்சினார். மோட்டாரின் அச்சு இந்தப் பக்கம் சாய்ந்து, டக் என்று அந்தப் பக்கம் திரும்பியது.

"முத்து! இங்க வா, பாரு!"

முத்துமாரி ஷெட் வாசலில் வந்து நின்றாள். அவர் மறுபடி உறிஞ்சிக் காட்டினார். "நல்லாத்தான் ஆடுது" என்றாள். அவள் முகத்தில் சந்தோஷம் இல்லை என்பதை அவர் அப்போது கவனிக்கவில்லை.

சாயந்திரம் எல்லாவற்றையும் மாட்டி, ட்யூபைப் பிடிக்கிற கிளிப்புகளின் ஸ்க்ரூவை முறுக்கி, கண்ணாடியில் வாளித் தண்ணீரை ஊற்றி இன்ஜினைப் போட்டார். வைப்பர் பறந்தது. வேலையிலிருந்து வந்த கோபியைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்க் காட்டினார். "ஞாயித்துக்கெழமை மாதனூர் வரைக்கும் ஒரு ரவுண்டு போய்ட்டு வரலாம். நீயும் வா."

ஞாயிற்றுக்கிழமை காலையில் வைப்பர் அசையவே இல்லை. பானெட்டைத் திறந்தார். ட்யூப் மோட்டாரின் மூக்கிலிருந்து கழன்று தொங்கியது. கிளிப் தளர்ந்து கிடந்தது.

பின்னால் நின்ற கோபி மெதுவாகக் கேட்டான். "டைட் பண்ணலியாப்பா?"

"பண்ணனே."

"பண்ணியிருந்தா எப்டி கழலும்?"

வேலாயுதம் குனிந்து கிளிப்பைப் பார்த்தார். மறுபடி முறுக்கினார். அடுத்த வாரம் மழை வந்த அன்று மோட்டார் ஆடியது, வைப்பர் கை ஆடவில்லை. கையைப் பிடித்திருக்கும் நட்டு லூஸாக இருந்தது. அதை முறுக்கினார். பிறகு மறுபடி ட்யூப். ஒவ்வொரு கோளாறும், வேலையை முடிக்காமல் எழுந்து போனவனின் கோளாறாக இருந்தது. பட்டையோ ட்யூபோ மறுபடி கெட்டிருந்தால் அவருக்கு வருத்தமே இருந்திருக்காது. முறுக்கும்போதே "டைட் பண்ணிட்டேன்" என்று வாய்விட்டுச் சொல்ல ஆரம்பித்தார். சொன்னது நேற்றா முந்தாநாளா என்று ராத்திரி படுக்கையில் யோசித்தார்.

வீட்டில் அவருடைய மறதிகள் எல்லாருக்கும் தெரிய ஆரம்பித்தன. கேட்டைச் சாத்தாமல் போனது. ரஃபியை வேறு பேர் சொல்லிக் கூப்பிட்டது. பேப்பர்காரனிடம் ஒரே விஷயத்தை இரண்டு தடவை சொன்னது. இதெல்லாம் முன்பும் நடந்தவைதான். இப்போது ஒவ்வொன்றுக்கும் முத்துமாரியும் கோபியும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

தை மாதம் கோபி அவரை வேலூரில் மறதிக்கென்றே பார்க்கிற ஒரு டாக்டரிடம் கூட்டிப்போனான். முத்துமாரியும் வந்தாள். ட்யூபை டைட் பண்ண மறந்து மறந்து போகிறேன் என்று வேலாயுதமே டாக்டரிடம் சொன்னார். டாக்டர் ஐந்து சொல் சொல்லி, நினைவில் வைத்துக்கொள்ளச் சொன்னார். நூறிலிருந்து ஏழு ஏழாகக் கழிக்கச் சொன்னார். ஆயிரம் சதுர அடித் தோலுக்கு எவ்வளவு சாயம், பளபளப்புக்கு எவ்வளவு லேக்கர் என்று மனக்கணக்கில் போட்ட மனுஷன், எண்பத்தாறில் நின்றுவிட்டார். ட்யூப் கழன்று தொங்கியதுதான் கண்முன் வந்தது. கடைசியில் அந்த ஐந்து சொல்லைக் கேட்டபோது இரண்டு வரவில்லை. பக்கத்து நாற்காலியில் முத்துமாரி குனிந்து புடவை முந்தானையை மடித்துக்கொண்டிருந்தாள்.

"இப்பத்தான் ஆரம்பம். பயப்பட ஒண்ணும் இல்ல" என்று டாக்டர் மாத்திரை எழுதினார். "வண்டி ஓட்டறத மட்டும் தவிர்க்கலாம்."

அதற்குப் பிறகு ரஃபி அகமதுவின் கடைக்குப் போனால், அவர் கொஞ்சம் சத்தமாகவும் மெதுவாகவும் பேசினார். "டீ... குடிக்கிறியா... வேலாயுதம்?" என்றார். கோபி சொல்லி வைத்திருக்கிறான் என்று புரிந்தது. வேலாயுதம் டீ குடிக்காமல் வந்துவிட்டார்.

கேட்டுக்கு அடித்த சிவப்பு எனாமல் பெயின்ட் ஷெட்டில் மிச்சம் இருந்தது. ஒருநாள் அதைப் பார்த்துக்கொண்டே நின்றவருக்கு ஒரு யோசனை வந்தது. கிளிப்பை முறுக்கினார். பிறகு தீக்குச்சியைப் பெயின்ட்டில் தோய்த்து, ஸ்க்ரூவின் தலையிலிருந்து கிளிப் வழியாக ட்யூப் வரை மெல்லிசாக ஒரே கோடு இழுத்தார். தன்னைத்தான் சோதித்துக்கொண்டார். அடுத்த முறை ட்யூப் கழன்றிருந்து, அங்கே கோடே இல்லையென்றால், மறதி நிஜம். டாக்டர் சொன்னதை ஒப்புக்கொண்டு வண்டியை மறந்துவிட வேண்டியதுதான். கோடு நேராக இருந்தும் ட்யூப் கழன்றிருந்தால் கிளிப்பில்தான் கோளாறு. அவருக்கு இந்த இரண்டுதான் தோன்றின.

யாரிடமும் சொல்லவில்லை. வண்டியை அசைக்கவும் இல்லை. நாலைந்து நாள் கழித்து பானெட்டைத் திறந்தார். ட்யூப் கழன்றிருந்தது. சிவப்புக் கோடும் இருந்தது. ஆனால் துண்டுபட்டு இருந்தது. கிளிப்பில் ஒரு பாதி. ஸ்க்ரூவின் தலையில் இருந்த பாதி வேறு திசை பார்த்துக்கொண்டிருந்தது. நின்ற இடத்தைவிட்டு நகராத வண்டியில் ஸ்க்ரூ தானாகத் திரும்பாது.

முதலில் அவருக்கு வந்தது சந்தோஷம். கண்ணில் தண்ணீர் வருகிற அளவுக்குச் சந்தோஷம். நான் மறக்கவில்லை. நான் முறுக்கினேன். பானெட்டைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் அப்படியே நின்றார். ஷெட்டுக்குப் பூட்டு உண்டு என்பது அதற்கப்புறம்தான் நினைவுக்கு வந்தது. ஒரு சாவி அவர் இடுப்பில். இன்னொன்று சமையலறை ஆணியில்.

முத்துமாரி அவரைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள்.

"ஷெட்டு சாவிய யாரு எடுத்தது?"

"எந்த சாவி?"

"முத்து."

அவள் கத்தியைக் கீழே வைத்தாள். "கோபி கேட்டான். குடுத்தேன்."

"எதுக்குன்னு தெரியுமா உனக்கு?"

அவள் காயைத் தட்டில் ஓரமாக ஒதுக்கினாள். "ஒரு திருகுதாம்மா, லேசா லூஸ் பண்ணி வுட்டா அப்பா வண்டிய எடுக்க மாட்டாரு, வார்த்த குடுத்திருக்காருன்னான். எனக்கும் பயமா இருந்திச்சிங்க. அந்தப் பொண்ணு விழுந்தத அவன் வந்து சொன்னதுலேர்ந்து எனக்குத் தூக்கமே இல்ல."

"வேலூர்ல டாக்டர்கிட்ட போனமே. பக்கத்துலதான ஒக்காந்திருந்த?"

அவள் ஒரு அவரைக்காயை எடுத்து நார் உரித்தாள்.

"அப்பவும் தெரியும் உனக்கு. ட்யூப டைட் பண்ண மறந்துட்டேன், மறந்துட்டேன்னு டாக்டர்கிட்ட நானே சொல்றேன். நீ கேட்டுனு ஒக்காந்திருந்த."

"நீங்க கேட்டையும் தெறந்து வுட்டுட்டுதான போறீங்க" என்றாள் முத்துமாரி. "உங்க மறதி வேற, இந்தத் திருகு வேறன்னு நெனச்சேன்."

சாயந்திரம் கோபி வந்தபோது வேலாயுதம் ஷெட் வாசலில் நின்றிருந்தார். உள்ளே கூட்டிப்போய் சிவப்புக் கோட்டைக் காட்டினார். கோபிக்கு உடனே புரிந்தது. மழுப்பவில்லை.

"ஆமாப்பா. நான்தான்."

"ஏண்டா?"

"சொன்னா கேட்டீங்களா? அந்தப் பொண்ணு செத்திருந்தா இன்னா பண்ணியிருப்பீங்க? வைப்பர், வைப்பர்னு வைப்பர் மேலயே பழியப் போட்டீங்க. அன்னிக்கு நான் பக்கத்துல இருந்தேன். உங்க கால் லேட்டா வந்திச்சி. நான் பாத்தேன்."

"சாவியப் புடுங்கியிருக்கலாமே."

"சும்மா இருந்திருப்பீங்களா? ஊரக் கூட்டியிருப்பீங்க."

"கூட்டியிருப்பேன். உன்கூட சண்ட போட்டிருப்பேன். ஒரு மாசம் பேசாம இருந்திருப்பேன். அதோட போயிருக்கும். நீ இன்னா பண்ண? என் கைய நானே நம்பாத மாதிரி பண்ணிட்ட. ராத்திரியெல்லாம் எனக்குப் பைத்தியம் புடிக்குதான்னு பயந்துனு கெடந்தேன். பக்கத்து ரூம்ல நீ தூங்கின."

கோபி தலை குனிந்தான். நிமிர்ந்தபோது, குரல் எப்போதும்போல நிதானமாக இருந்தது. "தப்புதான். ஆனா ஒண்ணு சொல்லுங்க. டாக்டர்கிட்ட அந்த அஞ்சு வார்த்தையில ரெண்ட நீங்கதான மறந்தீங்க? அதையும் நானா அவுத்து வுட்டேன்?"

வேலாயுதம் வாயைத் திறந்தார். பயத்தில் மறந்தேன் என்று சொல்ல நினைத்தார். அது உண்மைதானா என்று அவருக்கே தெரியவில்லை. பானெட்டை மூடிவிட்டு வெளியே வந்தார்.

ரஃபி அகமதுவிடம் மட்டும் போய்ச் சொன்னார். அவர் முழுசாகக் கேட்டார். தாடியைத் தடவிக்கொண்டு, "வுடு வேலாயுதம். புள்ள நல்லதுக்குத்தான் செஞ்சிருக்கான். பெரிசு பண்ணாத" என்றார். வேலாயுதம் தலையை ஆட்டினார். டீ வருவதற்குள் எழுந்து வந்துவிட்டார்.

வைப்பரை ஒழுங்காக மாட்டினார். சமையலறை ஆணியிலிருந்த சாவியை எடுத்துத் தன் இடுப்பில் சேர்த்துக்கொண்டார். சித்திரையில் ஒரு கோடை மழை வந்தது. பகல் மழை. வீட்டில் யாரிடமும் சொல்லாமல் வண்டியை எடுத்தார். முத்துமாரி ஜன்னலில் நின்று பார்த்தாள், கூப்பிடவில்லை. சர்வீஸ் ரோடு வழியாகப் போய் அதே ஏற்றத்தில் ஏறினார். வைப்பர் மெதுவாயிற்று, நிற்கவில்லை. காலை எடுத்து மிதித்தார். சரியாக வந்தது. சாலை தெளிவாகத் தெரிந்தது.

மேலே போனதும் வண்டியை ஓரம் கட்டினார். கிளிப்பை முறுக்கினோமா? முறுக்கினோம். கோடு போட்டோம். இருந்தாலும் மழையில் இறங்கி பானெட்டைத் திறந்து பார்த்தார். கோடு நேராக இருந்தது. கொஞ்ச தூரம் போய் மறுபடி நிறுத்தினார். மறுபடி இறங்கினார். நட்டு? அதுவும் சரி. வீட்டுக்குத் திரும்பும்போது ஹேண்ட் பிரேக்கை எடுத்தோமா என்று ஒரு சந்தேகம், பின் கதவு சாத்தியிருக்கிறதா என்று ஒரு சந்தேகம். சாலையைப் பார்க்கவேண்டிய கண் வேறெங்கெல்லாமோ போய்க்கொண்டிருந்தது. துத்திப்பட்டுப் பக்கம் சைக்கிளில் வந்த ஒருவரை அவர் மிகவும் கிட்டத்தில்தான் பார்த்தார். அந்த ஆள் எதுவும் தெரியாமல் தாண்டிப் போனார். வேலாயுதத்தின் கால் அதற்கப்புறம்தான் பிரேக்குக்குப் போனது.

இனி தன்னால் ஓட்ட முடியாது என்று அப்போது தெரிந்துவிட்டது. கோபி சொன்னதால் முடியாமல் போகவில்லை. கோபி செய்ததால் முடியாமல் போய்விட்டது. இரண்டுக்கும் முடிவு ஒன்றாகவே இருந்ததைத்தான் அவரால் தாங்க முடியவில்லை.

திருப்பத்தூரிலிருந்து கல்யாண ஊர்வலங்களுக்குக் கார் விடுகிறவர் ஒருவர் வண்டியை விலைக்கு வாங்க வந்தார். வண்டியைச் சுற்றிப் பார்த்துவிட்டு, "இந்தப் பழைய வைப்பர் மோட்டார கழட்டிக் கடாசிட்டு, கரன்ட் மோட்டார் போட்டுடலாங்களா?" என்று கேட்டார்.

"போட்டுக்கோங்க" என்றார் வேலாயுதம்.

வண்டி போன அன்று கோபி சந்தோஷமாக இருந்தான். சந்தோஷத்தைக் காட்டாமல் இருக்கவும் முயன்றான். "எங்க போகணும்னாலும் ஒரு வார்த்த சொல்லுங்கப்பா, நான் டிரைவர அனுப்பறேன்" என்றான். வேலாயுதம் "சரி" என்றார். அதற்குப் பிறகு அவனிடம் அவர் பேசியதெல்லாம் சரி, வேணாம், சாப்பிட்டாச்சு என்கிற அளவில்தான். மாத்திரையை முத்துமாரி சாப்பாட்டுத் தட்டு ஓரத்தில் வைத்தாள். அவர் எடுத்து விழுங்கினார். தேவையா இல்லையா என்று யாரையாவது கேட்க வேண்டும்போல இருந்தது. அப்படிக் கேட்கத் தோதான ஆள் அந்த வீட்டில் இல்லை.

ஆடி மாதத்தில் ஒருநாள் காலை, மாடித் தொட்டி நிரம்பித் தண்ணீர் சுவரில் வழிந்து தெருவுக்கு ஓடியது. பக்கத்து வீட்டுக்காரர்கள் கத்தினார்கள். முத்துமாரி பின்கட்டிலிருந்து ஓடி வந்தாள்.

"இன்னாங்க இது! மோட்டார் போட்டுட்டு ஆப் பண்ண வேணாமா?"

"நானா போட்டேன்?"

"நீங்கதான் போட்டீங்க. குளிச்சிட்டு வந்து நீங்கதான போட்டீங்க."

வேலாயுதம் யோசித்துப் பார்த்தார். குளித்தது நினைவிருந்தது. துண்டைக் காயப்போட்டது நினைவிருந்தது. சுவிட்சைத் தொட்டது நினைவில்லை. முத்துமாரியின் முகத்தை உற்றுப் பார்த்தார். கல்யாணமான நாளிலிருந்து பார்த்துவரும் முகம். நெற்றியில் வியர்வை. கண்ணில் கோபமா, பயமா, வேறு ஏதாவதா என்று தேடினார். அவள் பார்வையை விலக்கிக்கொண்டாள். ஏன் விலக்கினாள் என்று அவருக்குத் தெரியவில்லை.

"நானாத்தான் இருக்கும்" என்று சொல்லிவிட்டு, சுவிட்சை அணைக்கப் போனார்.